நான் எழுதிய மகஜர்

1984 ஜூன் 12
அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம். கொழும்பில் இஸ்ரேலுக்கு ஓர் அலுவலகம் திறந்தாயிற்று. பெயர் நலன் காக்கும் பிரிவு. விவசாய உதவியாம், ஆயுதமாம், நம் படைகளுக்குப் பயிற்சியாம். பலஸ்தீனத்தைப் பறித்தவர்களோடு நமக்கு என்ன உறவு? எதிர்த்து, எல்லோரும் கையெழுத்து வைத்து அரசாங்கத்துக்கு அனுப்ப, ஆங்கிலத்தில் மகஜர் எழுதும் வேலை என் தலையில். ஆங்கில வாத்தியார் அல்லவா.

ஜூன் 14
கல்முனையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் நல்லரெத்தினம் அடித்துத் தந்தார். காரைதீவுத் தமிழர், பதினொரு வருடப் பழக்கம். நான் நோன்பு என்பதால் தன் தேத்தண்ணியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். வாசித்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு இது பலஸ்தீனம், மாஸ்டர். எங்களுக்கு அந்தப் பயிற்சி எங்கட முதுகிலதான் முடியும்."

ஜூலை 9
அலுவலகத்தை எதிர்த்து ஹர்த்தால். ஒரு கடையும் திறக்கவில்லை.

ஜூலை 13
நல்லரெத்தினத்தின் கடையைச் சோதித்த படையினர் மகஜரின் காபன் பிரதியைக் கண்டு அவரை முகாமுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். எழுதியது யார் என்று கடையிலேயே அடித்துக் கேட்டும் வாய் திறக்கவில்லை என்று பக்கத்துத் தையல்காரர் கலந்தர் சொன்னார்.

ஜூலை 14
முகாமுக்குப் போகவில்லை.

ஜூலை 16
மனைவி ஹாஜறா வாசலை மறித்தாள். "மூணு புள்ளைகள் இரிக்கி. நீங்க போனா அவர உட்டுருவாங்களா?" மூன்று நாள் — என் பெயரைச் சொல்லாமல் அங்கே —

ஜூலை 17
நல்லரெத்தினத்தின் மனைவி கனகேஸ்வரியோடு முகாமுக்குப் போனேன். அவரை வாசலில் நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். எழுதியது நான்தான் என்றேன். அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நீ முஸ்லிம், வீட்டுக்குப் போ. மகஜர் எங்களுக்குப் பெரிதில்லை. இவன் வேறு யாருக்கு என்ன அடித்தான் என்பதுதான் வேண்டும்."
வெளியே கனகேஸ்வரி கேட்டார்: "என்ன சொன்னாங்க மாஸ்டர்?"
என்னை விட்டுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 20
அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று கனகேஸ்வரிக்கு முகாமிலிருந்து பதில் வந்திருக்கிறது.

1985 ஏப்ரல் 13
தமிழருக்கும் எங்களுக்கும் கலவரம். இரண்டு பக்கமும் செத்தவர்களின் மையித்துகள். காரைதீவு எரிகிறது. எரிக்கப் போனவர்கள் எங்கட ஆக்கள். பின்னால் துவக்கோடு படையினர் நின்றார்களாம். போனவர்களில் மகஜருக்குக் கையெழுத்து வைத்த நாலு பேரை எனக்குத் தெரியும். யா அல்லாஹ், என்ன செஞ்சிட்டம்?

ஏப்ரல் 24
வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் கனகேஸ்வரியைக் கண்டேன். அரிசிப் பையை வாங்கிக்கொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என்னோடு படலைவரை நடந்து வந்தார்.
"இனி வராதீங்க மாஸ்டர். அவர் உங்களக் காட்டிக்குடுக்கல்ல. இங்க ஆராச்சும் உங்கள என்னவும் செஞ்சா, அது வீணாப் போயிரும்."
சரி என்றேன்.