தாம்பரம் தாண்டி ஒரு வீடு

14-6-1970, கல்லல்

இன்று அவுக மெட்ராஸிலிருந்து வந்தாக. மாதம் ஒருமுறைதான் வருவாக. மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காக" என்றாள். அவளைப் பெத்த அவுக முகம் செத்துப்போனது.

"இனி எல்லாரும் ஒண்ணா இருப்போம். தாம்பரம் தாண்டி வீடு பாத்துட்டேன். அங்கதான் வாடகை நமக்குக் கட்டுப்படியாகும்" என்றாக.

"அங்கேயிருந்து வேலைக்கு எப்படிப் போவீக?"

"விடியுமுன்ன ரயிலேறணும். திரும்ப ராத்திரியாயிரும்."

"அப்ப பிள்ளை முழிச்சிருக்கையில எப்பத்தான் வீட்ல இருப்பீக?"

"ஞாயித்துக்கிழமை இருப்பேன். அன்னிக்கும் ஓவர்டைம் இல்லாட்டி."

இந்தப் பிள்ளைக்காகத்தான் போகிறோம். மெட்ராஸ் போவதென்று முடிவானதால் என் டீச்சர் வேலையை விடுவதாகப் போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவுக சட்டையைக் கழற்றாமலே தூங்கிவிட்டாக. எதற்கென்று தெரியாமலே பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.