குவாதலூப் ஆடு

2025 பிப்ரவரி 3, திங்கள்

மெலிசா காலையில் விமானம் ஏறிவிட்டாள். படிப்புப் பயணமாம். மேற்கிந்தியப் பக்கம் குவாதலூப் தீவில் பத்து நாள். அந்த ஊர் ஜனங்கள் எப்படி வியாபாரம் செய்கிறார்கள், எப்படிச் சாமி கும்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டுமாம். பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீச்சல் உடுப்பு மூன்று, நோட்டு ஒன்று. நல்ல படிப்பு! தம்பி சுப்ராயன் பாரிசுக்கு வெளியே திரான்சியில் சுகமாக இருந்துகொண்டு, கல்லூரிக்குப் பக்கம் என்று மகளை என் வீட்டில் விட்டிருக்கிறான். கவலை மட்டும் என் தலையில். துணிக்கு நடுவில் விபூதிப் பொட்டலம் வைத்தேன். முருகா, நீதான் கூடப் போகணும்.

பிப்ரவரி 7, வெள்ளி

கோயிலில் விளக்குப் பூசை. பதினொரு வருடமாக முதல் விளக்கு என் கைதான். சுபாஷினி வந்து ஒட்டிக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பெண், எல்லாம் தெரிந்துகொண்டே கேட்பாள்.

"பங்கஜமக்கா, உங்கட மருமகளைக் காணேல்லை?"

"ஆராய்ச்சிக்குப் போயிருக்கு. வந்ததும் கல்லூரியில எல்லாருக்கும் முன்னால பேசப்போவுது. நீயும் வாயேன்" என்றேன்.

வந்து பார்க்கட்டும். அவள் மகன் படித்த லட்சணம் எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

மெலிசா போனில் காட்டினாள். மாரியம்மன் கோயிலாம். அந்தக் காலத்தில் காரைக்கால் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் ஆட்களின் வம்சம். தமிழ் ஒரு வார்த்தை வராது. ஆடு வெட்ட மட்டும் வருகிறது! வாழையிலை, மேளம், பக்கத்திலேயே ரம் பாட்டில். ஆடு வளர்ப்பவன், இலை விற்பவன், மேளக்காரன், ஒரு பூசையால் எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்பதுதான் இவளுடைய பாடமாம். சாமியை வைத்துச் சந்தைப் படிப்பு.

"சீ, காட்டுமிராண்டிங்க. மூடு அதை."

"தண்ணி தெளிச்சிட்டு, ஆடு தலையை ஆட்டுற வரைக்கும் காத்திருக்காங்க. ஏன் அத்தை?"

"எனக்கெப்படித் தெரியும்? நாம சைவம்."

எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 10, திங்கள்

சுப்ராயன் குடியைக் கெடுத்தான்! அவளிடம் சொல்லியிருக்கிறான்: "ஊர்ல உங்க தாத்தாதான் ஆடு வெட்டுற பூசாரி. கத்தி கழுவினது யாருன்னு உங்க அத்தையையே கேளு."

போன் போட்டேன். "ஏன்டா சொன்ன?"

"உண்மைதானேக்கா. நீ பாரிசுக்கு வந்துதானே சைவமான? ரத்தப் பொரியலுக்கு என்கிட்ட எப்படிச் சண்டை போடுவ!"

வைத்துவிட்டேன்.

ஆமா, கழுவினேன். ஒன்பது வயசுல. அதுக்கு இப்ப என்ன? வந்த புதிதில் கோயில் பெண்கள், பரம்பரைச் சைவமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று வாய் சொல்லிவிட்டது. இருபத்தாறு வருடம் ஆகிறது. எப்படித் திருப்பி எடுப்பது?

பிப்ரவரி 11, செவ்வாய்

தூக்கமில்லை. ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்குப் போட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வந்துவிட்டாள், கறுத்துப்போய். பேச்சில் போடப்போகும் படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். பதின்மூன்றாவது படத்தில் எங்கள் அப்பா! கையில் வெட்டுக்கத்தியோடு. சுப்ராயன் அனுப்பியிருக்கிறான், பெரிய மனுஷன்.

"எடுத்துடு."

"இதுதான் அத்தை என் வேலையிலயே நல்ல இடம்."

"சுபாஷினி வர்றாடி. மறுநாளே கோயில் பூரா தெரியும். என்னை விளக்குகிட்ட விடுவாங்களா?"

என்னையே பார்த்தாள். ஒரு பொத்தானைத் தட்டினாள். அப்பா போய்விட்டார்.

சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

கல்லூரிக்குச் சுபாஷினியும் வந்திருந்தாள். மெலிசா நன்றாகத்தான் பேசினாள். கடைசியில் ஒரு வாத்தியார், கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, கேட்டார்: "இந்தியாவிலும் இதே சடங்கு என்கிறீர்கள், மத்மோசெல். யார் சொன்னது? ஆதாரம்?"

மெலிசா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அவர் பக்கத்து ஆளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிள்ளை இட்டுக்கட்டுகிறதாம்! இவர் எந்த ஆட்டைப் பார்த்தார், எந்தக் கோயிலைப் பார்த்தார்? எனக்குக் காது ரெண்டும் கொதிச்சிப்போச்சி. எழுந்துவிட்டேன்.

"அவள் தாத்தா செய்தார். என் அப்பா. கத்தி கழுவியது நான். ஆடு தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை கத்தியைத் தூக்கக் கூடாது."

என் பிரெஞ்சில் பாதி தப்பு. ஆனாலும் அவர் எழுதிக்கொண்டார். மெலிசா அழுதாள், அசடு.

மெத்ரோ ரயிலில் சுபாஷினி போனையே தடவிக்கொண்டு வந்தாள். கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கும்போதுதான், "இவ்வளவு காலமும் சொல்லேல்லையே அக்கா" என்றாள்.

"சொல்லல" என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

முதல் விளக்கைச் சுபாஷினி ஏற்றினாள். திரியை எண்ணெயில் முக்கவே தெரியவில்லை, மூன்று தீக்குச்சி வீண். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூத்தட்டை மட்டும் எனக்குத் தராமல் தாண்டிக்கொண்டு போனார்கள். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அம்மன் முகம் பாதிதான் தெரிகிறது.

பக்கத்தில் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும். பல வருடமாக அங்கேதான் உட்காருகிறாளாம். நான் பார்த்ததே இல்லை. மெல்லச் சாய்ந்து, "அக்கா, உங்க அப்பா எந்தக் கோயில்ல பூசாரி?" என்றாள்.

புதுச்சேரியில் பாகூர் பக்கம் என்று ஆரம்பித்தேன். பூசை நேரத்தில் பேசக் கூடாது என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். தீபாராதனை முடிகிறவரை பேசிக்கொண்டே இருந்தோம்.