ஆறிப்போன காரின் மூன்றாவது சோதனை

அனுப்புநர்:
சலவைக் கடை உரிமையாளர்,
பேக்கரிக்கு அடுத்த கட்டடம்.
(பழைய நீலக் கார், இரண்டு முறை தோற்றது.)

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வாகனப் புகைச் சோதனைப் பிரிவு.

பொருள்: வரிசையில் நிற்கும் பழைய வண்டிகளின் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போனதும் எஞ்சின் சூடாக இல்லை என்று தோற்கடிப்பது குறித்து.

பார்வை: சென்ற ஆண்டு நூலக மாடிக் கூட்டத்தில் தாங்கள் வாயால் சொன்னது. எழுத்தில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னைத் தங்களுக்கு நினைவிருக்காது. அந்தக் கூட்டத்தில் தங்கள் பேச்சுக்கு முதலில் கை தட்டியவள் நான்.

1. அன்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொதித்துப்போய் வந்திருந்தோம். மூன்று முறை தோற்ற வண்டியை உடைக்கக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி புதிதாக வந்திருந்த நேரம். தாங்கள் கையில் இருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "ஒழுங்கா வச்சிருக்கிற வண்டி எதையும் உடைக்க விடமாட்டேன். அதுக்கு நான் பொறுப்பு" என்றீர்கள். படித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மடித்து வைத்துவிட்டுச் சொன்னதால் நம்பினேன்.

2. நம்பியதோடு நிற்கவில்லை, மற்றவர்களையும் நம்ப வைத்தேன். பக்கத்து பேக்கரிக்காரர் தமது வேனை விற்றுவிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரப்படாதீங்க, அதிகாரியே வாக்குக் கொடுத்திருக்கார்" என்று நான்தான் தடுத்தேன். அந்த வேன் மூன்று முறையும் தோற்று, சென்ற மாதம் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகப்பட்டது. "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க அக்கா, என்னைத்தான் சொல்லணும்" என்றார். இப்போது நான் ரொட்டி வாங்கப் போனால் அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவர் மனைவி எடுத்துத் தருகிறார். தாங்கள் கொடுத்த வாக்குக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

3. என் கார் ஆடம்பரத்துக்காக வைத்திருப்பது இல்லை. என் கணவர் நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவருடைய வலது கால் மடங்காது. வேறு எந்தக் காரிலும் அவரை உட்கார வைக்க முடியவில்லை. பலகையைத் திணிப்பது போலத் திணிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் காரில் மட்டும் முன் இருக்கை வெளிப்பக்கம் திரும்பும். வெல்டர் ஒருவர் எங்களுக்காகவே செய்து கொடுத்த இரும்புத் தடத்தில் பின்னோக்கியும் நகரும். அதே ஏற்பாட்டைப் புது வண்டிகளில் செய்ய முடியாது, அடித்தளம் வேறு மாதிரி என்று அவரே சொல்லிவிட்டார். கணவரை வாரத்தில் சில நாட்கள் சிகிச்சைக் குளத்துக்கு அழைத்துப் போகிறேன். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அவர் பழைய ஆள். போவதை நிறுத்தினால் இடுப்பு முழுவதும் இறுகிவிடும், பிறகு படுக்கைதான் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். கார் போனால் குளம் போகும். குளம் போனால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

4. எங்கள் மெக்கானிக் சோதனைக்கு முன் தமது கருவியை வைத்துப் பார்த்தார். புகை அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை சொன்னார். புகைக்குழாயில் உள்ள வடிகட்டி நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். புது வண்டிகளில் அது சீக்கிரம் சூடாகிவிடும், எங்கள் வண்டியில் நேரமாகும். எனக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. ஆறிப்போன இஸ்திரிப் பெட்டி சுருக்கத்தை எடுக்காது. அதற்காக யாரும் பெட்டியை உடைத்துப் போடுவதில்லை.

5. ஆகவே ஊரைச் சுற்றி ஓட்டிக் காரை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். நிலையத்தின் வாசலில் ஒரு பலகை: "வரிசையில் எஞ்சினை அணைக்கவும். புகையைத் தவிர்ப்போம்." அணைத்தேன். வரிசை நகர நகர, மற்றவர்களைப் போலவே காரைத் தள்ளிக்கொண்டு போனேன். வெயில் ஏறியது, எஞ்சின் ஆறியது. உள்ளே இன்னொரு பலகை: "எஞ்சின் சூடாக இருக்க வேண்டும்." சோதிப்பவர் குழாயில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சும்மா" என்றார், ஏதோ நான் காபி கொண்டுவந்து கொடுத்ததைப் போல. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள் என்று கேட்டேன். அதற்கு அனுமதி இல்லையாம். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். "சூடு வண்டிக்கு இருக்கணும்மா, உங்களுக்கு இல்ல" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

6. இரண்டாவது முறையும் இதே காரணத்தால் தோற்ற அன்று, முகம் கழுவக் குழாயைத் தேடி நிலையத்தின் பின்பக்கம் போனேன். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு கொட்டகையைக் கண்டேன். நல்ல உயரம், புகை போக மேலே திறப்பு, நான்கு வண்டி நிற்கும் அகலம். நெற்றியில் பெரிய எழுத்தில் "சூடேற்றும் இடம்" என்று எழுதியிருந்தது. பழைய வண்டிகள் சோதனைக்கு முன் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதற்காகக் கட்டியது என்று துப்புரவுப் பணியாளர் சொன்னார். கட்டி முடித்தும் ஒரு பழைய வண்டிகூட உள்ளே போனதில்லையாம். உள்ளே தங்கள் அலுவலக வண்டிகள் நின்றன. நடுவில் தங்களுடைய புதுக் கார், வெயில் படாமல், உறை போர்த்தப்பட்டு நின்றது. "சார் வண்டி பெயின்ட் மங்கிடும்னு உள்ள விடச் சொன்னாரு. எங்க ஆளுங்க கேட்டதுக்கு, பழைய வண்டிக்காரங்க சமாளிச்சுக்குவாங்கன்னாரு" என்றார் அவர்.

7. ஐயா, அதுவரை நான் தங்களுக்காகத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது என்று என் கணவரிடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. தெரியாமல் செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்களுக்கு எங்கள் வண்டிகளுக்கு என்ன தேவை என்று தெரியும். தெரிந்து, கட்டி, அதில் தங்கள் காரை நிறுத்தியிருக்கிறீர்கள். இதில்தான் நான் ஏமாந்துபோனேன். பேக்கரிக்காரரின் வேன் இழுத்துக்கொண்டு போகப்பட்ட அன்றும் அந்தக் கொட்டகை அங்கேதான் இருந்தது.

8. இதையெல்லாம் கேட்டுவிட்டு என் கணவர், "விடு. ஆறிப்போனா கழிச்சுடுவாங்கன்னா என்னையும் ஒரு நாள் வரிசையில நிறுத்திடு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் குளத்துக்குப் புறப்படும் நேரத்தில் காலணியை மாட்டாமலே உட்கார்ந்திருந்தார். குளத்துக்குப் போகாமல் இருக்கப் பழகிக்கொள்கிறாராம்.

ஆகவே தங்களிடம் நான் சலுகை கேட்கவில்லை, விதிவிலக்கும் கேட்கவில்லை. வரும் வியாழக்கிழமை எங்கள் காருக்கு மூன்றாவது, கடைசிச் சோதனை. சூடான பிறகும் அளவுக்கு மேல் புகை வந்தால், சாவியை என் கையாலேயே மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். அன்று காலை மட்டும் தங்கள் காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயின்ட் ஒரு காலையில் மங்கிவிடாது.

என் கணவரும் காரில் வருவார். திரும்பும் இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பார். இறங்கி வணக்கம் சொல்ல அவரால் முடியாது. தாங்கள்தான் பக்கத்தில் வர வேண்டும்.

நாள்: சோதனைக்கு முந்தைய திங்கட்கிழமை
இடம்: சலவைக் கடை, இஸ்திரி மேசை

தங்கள் வாக்கை நம்பியிருந்த,
(கையொப்பம்)
நீலக் காரின் உரிமையாளர்