உன் புரதத்துக்கு இன்று கூடிய ஒன்று

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில், நாம் வழக்கமாக உட்காரும் வாழையிலைக் கடையில், ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. உன் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி இணையத்தில் யார் பேசினாலும் எனக்குத் தகவல் வரும்படி வைத்திருந்தேனே, அந்தச் சத்தம். நீ போன பிறகும் அதை அணைக்க மனசு வரவில்லை. இடது கையால் திறந்து பார்த்தவள் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். கடை அண்ணன் அப்பளக் கூடையோடு ஓடி வந்தார். "என்னக்கா, காரமா?"

இரு, முறையாகச் சொல்கிறேன்.

நீ கணினியில் புரதம் வடிவமைத்தாய். நான் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டுரையை இணையம் எவ்வளவு கவனிக்கிறது என்று எண்ணினேன். செய்தியில் வந்தாலும், யாராவது பகிர்ந்தாலும் எண் கூடும். "ஊர் வம்பை எண்ணுறதுக்குச் சம்பளம் வேற" என்று சீண்டுவாய். ஆற்றுத் தண்ணீரில் கலந்த சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்றை நீ வரைந்து முடித்ததும் இந்தக் கடையில்தான் விளக்கினாய். சாப்பிட்ட இலையை மடித்துக் காட்டி, "இது நான் மடக்கினா மடங்கும். என் புரதம் தானா மடங்கணும். திரையில மடங்குது. நிஜத்துல மடங்குமான்னு யாராவது செஞ்சு பாத்தாத்தான் தெரியும்" என்றாய். செய்து பார்க்க உனக்கு ஆய்வுக்கூடம் இல்லை. கட்டுரையை வெளியிட்டுவிட்டுக் காத்திருந்தாய்.

அப்போதுதான் அந்தக் கூத்து. ஒரு நாள் காலை வேலைக்குப் போனால் உன் எண் கிடுகிடுவென ஏறி நிற்கிறது. பல்கலைக்கழகத்திலேயே முதலிடம்! போன் போட்டு இருவரும் குதித்தோம். பிறகுதான் யார் பகிர்ந்தது என்று பார்த்தேன். கிள்ளானில் உன் அண்ணன், தன் லோரி கம்பெனியின் முகநூல் பக்கத்தில், ஆயுத பூஜைக்கு மாலை போட்ட லோரியின் படத்துக்குக் கீழே உன் கட்டுரையைப் போட்டிருந்தார். "எங்க தங்கச்சி எழுதினது. எனக்கு ஒண்ணும் புரியல. எல்லாரும் ஷேர் பண்ணுங்க." துறைமுகம் வரைக்கும் இருந்த லோரிக்காரர்கள் பகிர்ந்து தள்ளிவிட்டார்கள். "பவர் லா தங்கச்சி!" என்று கீழே பாராட்டு வேறு.

எனக்கு எரிச்சல். இதெல்லாம் கவனிப்பில் சேராது, அறிக்கையில் குறிப்புப் போடுவேன் என்றேன். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாய். "போட்டுக்கோ. அவங்க என்னைக் கவனிச்சாங்க, சந்தோஷம். என் புரதத்துக்கு ஊரே வேணாம்டி. செஞ்சு பாக்குற ஒரே ஒரு ஆள் வந்தாப் போதும்."

அந்த ஆள் வருமுன் நோய் வந்துவிட்டது. உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில், பழக்கதோஷத்தில் இலையை என் பக்கமாக மடித்துவிட்டேன். மனசு நிறைந்தது, மறுபடி வருவேன் என்று சொல்கிற மடிப்பு அது. துக்க வீட்டில் எதிர்ப்பக்கம் அல்லவா மடிக்க வேண்டும்! உன் பெரியம்மா என் கையைத் தட்டினார். "விடுங்க பெரியம்மா, தங்கச்சி இருந்தா சிரிச்சிருக்கும்" என்றார் உன் அண்ணன். அழுகையோடு நானும் சிரித்துவிட்டேன்.

இன்று வந்த தகவல் இதுதான். எங்கோ குளிர்நாட்டில், முகம் தெரியாத ஒரு பெண் இரண்டு சோதனைக் குழாய்களின் படம் போட்டிருக்கிறாள். ஒன்றில் சிவந்த தண்ணீர், மற்றதில் தெளிந்த தண்ணீர். இந்தக் கட்டுரையின் புரதத்தைச் செய்து பார்த்தோம், வரைந்தபடியே மடங்கியது, சாயத்தையும் பிடித்தது என்று எழுதியிருக்கிறாள். அதை யாரும் பகிரவில்லை. உன் எண்ணில் ஒன்றே ஒன்று கூடியிருக்கிறது.

"காரம் இல்லண்ணே, நல்ல சேதி" என்றேன் கடைக்காரரிடம். உடனே உன் அண்ணனை அழைத்தேன். "தங்கச்சி போட்ட கணக்கு சரியாப் போச்சுண்ணே." படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அப்ப லோரி பக்கத்துல போட்டுடவா?" என்றார். போடச் சொன்னேன்.

நாளைக்கு உன் எண் மறுபடி எகிறும். எகிறட்டும், குறிப்பெல்லாம் போட மாட்டேன். எவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தாலும், இதில் செய்து பார்த்த ஆள் யார் என்று தேடுகிற புத்தி மட்டும் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டு என்னோடு இருக்கிறது.

ரசம் ஆறிப்போயிருந்தது. குடித்து முடித்து, இலையை என் பக்கமாக மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.