இடது பின் ஸ்பீக்கர்

போன வாரம் என் வீட்டுக்காரர் ஆறு ஸ்பீக்கர் கொண்ட செட் ஒன்று வாங்கி வந்தார். கம்ப்யூட்டரோடு தானே மாட்டினார். படத்தைப் போட்டால் சத்தம் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் வந்தது. "நீதான் பெரிய கம்ப்யூட்டர்காரியாச்சே, வந்து பாரு" என்று கூப்பிட்டார். மேசைக்குப் பின்னால் தலையை நுழைத்து, கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தத்தை வெளிச்சமாகக் கொண்டுபோகும் வயரின் ஒரு முனையைக் கழற்றினேன். அதன் நுனியில் குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. கண் கலங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கலங்கவில்லை. வயிறுதான் எரிந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். ஆனைக்குட்டத்துக்கு வந்து இறங்கினால் உங்கள் தெரு கொள்ளாத கூட்டம். பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அந்த நேரத்திலும், என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்றுதான் என் புத்தி போனது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

விருதுநகர் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் நாம் ஒரே பெஞ்சு. என் அப்பாவுக்குத் திருத்தங்கலில் பலசரக்குக் கடை. வீட்டில் எனக்கென்று கம்ப்யூட்டர் இருந்தது. உன் அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலைக்குப் போனார். நீ காலேஜ் லேபில் மட்டும்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாய். இருந்தும் எல்லாப் பரீட்சையிலும் நீ முதல், நான் இரண்டாவது. மூன்று வருஷமும் அப்படித்தான். ஒரு தடவையாவது உனக்குக் காய்ச்சல் வரக்கூடாதா என்று நான் நேர்ந்துகொள்ளாத குறைதான்.

படிப்பு முடிந்ததும் என் அண்ணனுடைய கம்ப்யூட்டர் கடையில் உன்னைச் சேர்த்துவிட்டதும் நான்தான். அந்தப் பெருமையை நீ இரண்டு மாதம்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்த ஆனைக்குட்டத்துப் புள்ள இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "இல்லை, சாப்பிடப் போயிருக்கிறாள்" என்றால், "அப்ப வெயிட் பண்ணுதேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். நான் அங்கே எதற்கு இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் அண்ணாச்சியின் ஆர்டர் வந்தது. உன் அம்மா வேலை பார்த்த அதே கம்பெனியின் முதலாளி. வெம்பக்கோட்டை ரோட்டில், கம்பெனி வாசலை ஒட்டிய ஆபீஸில், ஏசி போட்டு ஒரு அறை கட்டியிருந்தார். ஆடி பிறந்ததும் வடக்கேயிருந்து வியாபாரிகள் ஆர்டர் கொடுக்க வருவார்கள். பகல் வெளிச்சத்தில் அவர்களுக்கு வாணத்தை விட்டுக் காட்டினால் ஒன்றும் எடுபடாது. அதனால் எல்லா ஐட்டத்தையும் இருட்டில் வெடித்துப் படம் பிடித்து, ஆறு பக்கமும் சத்தம் வருகிற மாதிரி மெட்ராஸில் டிவிடி செய்து வாங்கியிருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். "இதைச் சரியாப் பண்ணிக் குடுக்கிற புள்ளைய இந்த ஆபீஸ்லயே கம்ப்யூட்டருக்குன்னு வச்சுக்கிடுதேன்" என்றும் சொல்லியிருந்தார்.

எனக்கு அந்த வேலை தேவையே இல்லை. உனக்குத் தேவை. வேலை கிடைத்த மறுநாளே அம்மாவைக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாய். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அண்ணாச்சியிடம் அந்த அறையின் வேலையை நான்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நுனியில் சிவப்பு வெளிச்சம் எரியும் அந்த வயரை மாற்றினேன். டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களில் பென்சில் பேட்டரியை ஒட்டிப் பார்த்தேன், டொக் என்று சத்தம் வந்தது, ஸ்பீக்கரில் குறையில்லை. டிவிடி ஓட்டுகிற பிளேயரை மூன்று விதமாக மாற்றினேன். வாணம் முன்னாலிருந்து உஸ்ஸென்று கிளம்பும், முன்னாலேயே வெடிக்கும். பின்பக்கம் ஊமை. நான்காம் நாள் என் அண்ணன் உன்னை அனுப்பிவிட்டான்.

நீ கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாய்.

"ஏ புள்ள, இதுல பிசிஎம்னு எழுத்து எரியுதே, பாத்தியா?"

பார்த்திருந்தேன். மூன்று நாளும் எரிந்தது. அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

"வழியிலயே பிரிச்ச சத்தம்னுதான் அந்த எழுத்துக்கு அர்த்தம். கிஃப்ட் பாக்ஸ் பார்சல் வருதுன்னு வையி. அங்கன போயிதான் பிரிக்கணும். நம்ம கம்ப்யூட்டரு நடுவழியிலயே பிரிச்சு, எல்லாத்தையும் ரெண்டே பையில போட்டு அனுப்புது. அப்பொறம் பின்னாடி ஸ்பீக்கருக்கு எங்கேருந்து வரும்? பார்சலைப் பிரிக்காம அப்பிடியே அனுப்பச் சொல்லணும்."

பிளேயரின் செட்டிங்ஸில் மூன்று படி உள்ளே போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டாய். ஆம்ப்ளிஃபயரில் எழுத்து மாறியது. வாணம் முன்னால் கிளம்பி, தலைக்கு மேலே போய், முதுகுக்குப் பின்னால் வெடித்தது. நீ வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அதோடு விட்டாயா? கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வெடிக்கும் விரலை நீட்டினாய். நம் பக்கத்தில் பெரிய சத்தம் ஒன்று கேட்டால் எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்து, எந்தப் பக்கம் என்று கை நீட்டுவார்களே, அப்படி. "இடது பக்கம் கிளம்புற வாணம் வலது பின்னாடி வெடிக்குது. வயரு மாறிக் கிடக்கு" என்று சொல்லிச் சரியாக மாட்டினாய். மாற்றி மாட்டியிருந்தது நான்தான். அண்ணாச்சி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் புள்ளைக்குக் காது இருக்கு" என்றார். எனக்கும் இரண்டு காது இருந்தது. இரண்டிலும் புகை வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், மனசு கேட்காமல், "எனக்கும் அதைச் சொல்லிக் கொடேன்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "இதுல சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? அம்மா வேலைக்குப் போயிருக்கும்போது வாசல்ல நின்னா தானா வந்துரும்." நீ பெருமையடிக்கிறாய் என்று நினைத்தேன். வயிற்றெரிச்சலில் இருப்பவள் காதில் எதுவும் சரியாக விழாது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வியாபாரிகள் வருவதாக இருந்தது. நான் ஒன்பதுக்கே போய், தூசி தட்ட வேண்டும் என்று சாவியை வாங்கி உள்ளே போனேன். செட்டிங்ஸில் மூன்று படி. அந்த டிக்கை எடுத்துவிட்டேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. உன் மூக்கு ஒரே ஒரு தடவை உடைய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். உன் அம்மாவை நினைக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

வியாபாரிகள் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி, கணக்கப்பிள்ளை, டீ கொண்டுவந்த அம்மா எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். வாணம் முன்னால் கிளம்பி முன்னாலேயே புஸ்ஸென்று வெடித்தது. ஒரு வியாபாரி செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது. நீ ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாய். அதில் எரிந்த எழுத்தைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய்.

எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்துகொண்டேன்.

"நான்தான் அண்ணாச்சி. நேத்து சேவ் பண்ண மறந்துட்டேன். ஒரு நிமிசம் பொறுங்க" என்றாய். போய் டிக் போட்டாய். சத்தத்தை முழுசாகக் கூட்டி முதலிலிருந்து ஓட்டினாய்.

அடுத்து நடந்ததை நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். வாணம் தலைக்கு மேலே போய் இடது பின் ஸ்பீக்கரில் இடி மாதிரி வெடித்தது. அந்தப் பக்கம்தான் சுவருக்கு அப்பால் கம்பெனி ஷெட்டுகள். அண்ணாச்சி செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்குப் பாய்ந்தார். கணக்கப்பிள்ளை அவரை முந்தினார். டீ அம்மா தம்ளர்களைப் போட்டுவிட்டு, "ஆத்தா, வெடிமருந்து ரூமு!" என்று ஓடினார். வெளியே போய் எல்லோரும் ஷெட்டுகளுக்கு மேலே புகையைத் தேடினார்கள். வியாபாரிகள் நாலு பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்துக் கைதட்டினார்கள்.

நீ ஓடவில்லை. சத்தம் எங்கிருந்து வரும் என்று உனக்குத்தான் தெரியுமே. ஆனால் தெரிந்தும் உன் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. உன் அம்மா அந்தச் சுவருக்குப் பின்னால் மூன்றாவது ஷெட்டில் இருந்தார். முந்தின நாள் பஸ்ஸில் நீ சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பொறாமைப்பட்ட அந்தக் காதை நீ எங்கே நின்று வாங்கினாய் என்பதும்.

ஆர்டர் எல்லாம் நல்லபடியாக எழுதியாயிற்று. சாயங்காலம் அண்ணாச்சி நம் இருவரையும் கூப்பிட்டார். உன்னிடம் கோபமாகப் பேசவில்லை.

"சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு தாயி. ஆனா மறதிக்காரிய நம்ம கம்பெனிக்குள்ள வைக்க முடியாது. இங்க ஒருத்தர் ஒண்ணை மறந்தா நாப்பது வீட்ல எழவு விளும்."

நீ, "சரிங்க அண்ணாச்சி" என்றாய். பட்டாசுக் கம்பெனியில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் சொன்னாய். அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. இவ்வளவு ஆன பிறகும் என்னைக் கீழே விட்டு நீதான் மேலே நின்றாய்.

வேலை எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நீ என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அந்த டிக்கு எங்கன இருக்குன்னு உனக்குத்தான் தெரியுமே. இனிமே நீயே பாத்துக்கிடுவ." அதன் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினாய்.

விருதுநகரில் உனக்கு வேறு வேலை கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் அம்மா மூன்றாவது ஷெட்டுக்குப் போய்வந்தார். நான் ஆபீஸில் உட்கார்ந்திருப்பேன். எங்கேயாவது ஒரு சத்தம் கேட்கும். ஓடிப்போய் வாசலில் நிற்பேன். அடுத்த நிமிஷம் என் அண்ணன் கடையிலிருந்து ஆபீஸுக்குப் போன் அடிக்கும். நீதான். "வடக்குப் பக்கந்தானே கேட்டுச்சு? நம்ம பக்கம் இல்லைல்ல?" என்பாய். "இல்லை" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாய். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமி புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்படி நின்று நின்று, போன் அடிப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் அந்த டிக்கைப் போட்டதும் ஆறிலும் சத்தம் வந்தது. வீட்டுக்காரர் என்னைச் சோதிக்க வயர்களை மாற்றி மாற்றி மாட்டினார். நான் கண்ணை மூடி விரலை நீட்டினேன். ஒன்றும் தப்பவில்லை. "எங்கே கத்துக்கிட்ட?" என்று கேட்டார். காலேஜில் என்று சொல்லிவைத்தேன்.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்மவ ஒண்ணையும் மறக்க மாட்டா தாயி. நான் சோத்து வாளிய வச்சிட்டுப் போனாக்கூட பஸ்ஸு வரைக்கும் ஓடியாருவா. அன்னைக்கு அண்ணாச்சி ஆபீஸ்ல மட்டும் எப்பிடி மறந்தா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. நீ அங்கனதானே இருந்த, உனக்காச்சும் தெரியுமா?"

"தெரியலம்மா" என்றேன். உன் வீட்டில் உட்கார்ந்து, உனக்கு வைத்த விளக்குக்கு முன்னால் அப்படிச் சொன்னேன். எட்டு மாதமாக அந்தப் பொய்யோடுதான் இருக்கிறேன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனைக்குட்டத்துக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். "அவள் மறக்கவில்லை அம்மா, டிக்கை எடுத்தது நான்" என்று சொல்லப்போகிறேன். அம்மா என்னை அடிக்கலாம். வாசலோடு அனுப்பிவிடலாம். அதற்கப்புறம் தெரு முழுக்க உன் பெருமையைச் சொல்வார். என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார். மறுபடியும் நீ முதல். வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும்.