அதே நான்கு டிகிரி

அன்புள்ள அப்பாவுக்கு,

கலையரசியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகமா? உப்பளத்தில் மழை விட்டதா? இந்த மலையூரில் கரண்ட் வந்து வந்து போவதால் செல்லில் சார்ஜ் நிற்பதில்லை. அதனால்தான் கடிதம்.

பயப்படாதீர்கள், சிரிக்கத்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் சுகாதார நிலைய ஃபிரிட்ஜில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து இருக்கிறது. மருந்தாளுநர் விமல்ராஜ் காலையும் மாலையும் அதன் குளிரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத அன்றும் நோட்டில் நான்கு டிகிரிதான். எனக்குச் சந்தேகம். நீங்கள் மீன் பெட்டிக்குச் செய்வதுபோல, ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்தேன். ஞாயிறு லீவு முடிந்து வந்து பார்த்தால் காசு ஐஸுக்கு அடியில் கிடக்கிறது. உருகி, மறுபடி உறைந்திருக்கிறது.

அவரிடம் கேட்டேன். "ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்குது சிஸ்டர், நோட்டப் பாருங்க" என்றார். பார்த்தேன். நாளைக் காலைக்கும் நான்கு என்று இன்றே எழுதியிருந்தார்!

மருந்தைப் பூட்டிவைத்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இந்தப் புதன்கிழமை ஊசி கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருகிற அம்மாக்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை. தபால்காரர் கிளம்புகிறார்.

இன்னொன்று. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சுகர் பார்த்ததாகச் சொல்லும்போதெல்லாம் "நூத்தி இருபதும்மா" என்கிறீர்கள். மூன்று மாதமாக அதே நூற்றிருபது. இனி வாயால் சொல்ல வேண்டாம் அப்பா, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கருவாட்டோடு வைத்து அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
கலை