அடுக்களையில் தொங்கிய பெட்டி

மார்த்தாண்டம்
8.6.2009

அன்புள்ள அத்தானுக்கு,

பெமிலா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே அம்மா, அண்ணன், மைனி எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் மாமியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். பதினைந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு இவளுக்கு என்ன லெட்டர் என்று கேட்பீர்கள். போனில் நாம் இரண்டாம் வார்த்தைக்கே சண்டைக்கு நிற்கிறோம். லெட்டரில் கத்த முடியாது பாருங்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் நான் ஏன் இங்கே வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நான வீட்டில் அத்தனை பேர் முன்னால் மாமி, "நீ பிள்ளையத் தூக்காண்டாம்" என்று சொன்னார்கள். நீங்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை இப்போது கிளற வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கிளறிவிட்டேன், போகட்டும்.

விஷயம் வேறு. நாம் காட்டுகிற ஆஸ்பத்திரியிலிருந்து அஜிஷா என்று ஒரு பிள்ளை வந்தாள். பிள்ளை தங்காத பெண்கள் மூச்சில் எவ்வளவு புகை போகிறது என்று அளந்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். எட்டு வருஷமாக எங்கெங்கோ ஊசி குத்தியாயிற்று, இதையும் அளந்துவிட்டுப் போகட்டும் என்று சம்மதித்தேன். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய் என் கழுத்துப் பக்கத்தில் நிற்கிறது. நாளெல்லாம் பூனை மாதிரி உறுமுகிறது. சர்ச்சுக்கும் மாட்டிக்கொண்டு போனேன். போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இன்னொரு பெட்டி வீட்டு அடுக்களையில் தொங்க வேண்டுமாம். "நீங்க இருக்கிற வீடு எதுக்கா?" என்று கேட்டாள். நான் தோள்பையின் வாரைச் சரிசெய்தேன். அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டில் குலசேகரம் என்றுதான் இருக்கிறது, அங்கேயே மாட்டுகிறேன் என்றாள். அடுத்த வாரம் வருவாள். ஒரு கட்டன் சாயா போட்டுக் கொடுங்கள். மாமியை அவளிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெமிலா


குலசேகரம்
25.6.2009

அன்புள்ள பெமிலாவுக்கு,

செல்வதாஸ் எழுதுவது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான். தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

அந்தப் பிள்ளை வந்து பெட்டியை மாட்டியது, ஒரு வாரம் கழித்துக் கழற்றிக்கொண்டும் போய்விட்டது. மெஷின் வருகிறது என்றதும் நானும் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட் அத்தனையையும் இறக்கி வெளியே கம்பியில் போட்டேன். கரி பிடித்த சுவருக்கு இரண்டு தடவை வெள்ளை அடித்தேன். விறகில் ஒரு சுள்ளிகூட உள்ளே வரவிடவில்லை. பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அக்காவிடம் அவர்களுடைய கேஸ் அடுப்பை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வைத்தேன். "சவத்துக்குக் கஞ்சியில ஒரு மணமும் இல்ல" என்று அம்மா முனகினாள். ஆனாலும் ஒத்துழைத்தாள்.

இங்கே விடாத மழை. வெளியே போட்ட ஷீட் முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டது. ஷீட் எடுக்கிற கடைக்காரன் ததேயுஸ் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போகட்டும். நம் வீட்டில் அந்தப் பெட்டியால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. "அடுக்களை நல்ல சுத்தம் அண்ணா" என்று அந்தப் பிள்ளையே சொன்னது. உன் பெயரைக் காப்பாற்றிவிட்டேன்.

ஞானஸ்நான வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு என் வாயில் சோறு இருந்தது. வேறென்ன எழுத என்று தெரியவில்லை. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. வந்துவிடு.

அன்புடன்,
செல்வதாஸ்


மார்த்தாண்டம்
3.8.2009

அத்தான்,

ரிசல்ட் வந்துவிட்டது. நம் அடுக்களையில் புகை இல்லவே இல்லை என்கிற மாதிரி. என் கழுத்துப் பெட்டியில்தான் எக்கச்சக்கம். இந்த வீட்டுக்கு முன்னால் ஜங்ஷனில் நாளெல்லாம் நிற்கிற பஸ்ஸும் லாரியும், மைனி கொளுத்துகிற கொசுவர்த்தியும் அதில் ஏறியிருக்கின்றன. மாமி அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டார்கள். "எங்க வீட்டுல ஒரு கொறையும் இல்ல மக்கா, மெஷினே சொல்லிட்டு. கொறை ஒனக்க தங்கச்சிக்கிட்டதான்." ஸ்பீக்கரில் கேட்டேன்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? எட்டு வருஷம் அந்த அடுப்புக்கு முன்னால் கண்ணெரிய நின்றேன். மழைக்காலத்தில் தலைக்கு மேலே ஷீட், கீழே ஈர விறகு, நடுவில் நான். சேலையில், முடியில், ஆராதனைக்கு எடுத்துப்போகிற பைபிளில்கூட அந்த மணம்தான். இவளிடம் குறை இல்லை, புகையில்தான் குறை என்று அந்தப் பெட்டி ஒரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மனிதர் யாரும் சொல்லவில்லை, மெஷினாவது சொல்லட்டும் என்றிருந்தேன். நீங்கள் வெள்ளையடித்து வைத்துவிட்டீர்கள். யாருக்காகச் செய்தீர்கள் அத்தான்? எனக்கா, மாமிக்கா, ஊருக்கா?

அஜிஷாவிடம் நடந்ததைச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டாள். "எப்பவும் இருக்கது போல இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா." சரி, புகைதான் காரணமா, நீயாவது சொல் என்று கேட்டேன். "ஒரு ஆளுக்கு இதுதான் காரணம்னு எங்களால சொல்ல முடியாதுக்கா. நெறைய பேருக்க கணக்கைச் சேர்த்துப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும்" என்கிறாள். எல்லார் கணக்கும் தெரிந்தாலும் என் ஒருத்தி கதை தெரியாதாம். பிறகு எதற்குத்தான் அதைக் கழுத்தில் சுமந்தேன்? ஒரே வெப்ராளமாக, மனசு கிடந்து புழுங்குகிறது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று மைனி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

அக்டோபரில் இன்னொரு தடவை அளப்பார்களாம். அதுவரை எழுத வேண்டாம்.

பெமிலா


குலசேகரம்
22.10.2009

அன்புள்ள பெமிலாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

போன வாரம் அஜிஷா திரும்ப வந்து பெட்டியை மாட்டினாள். "ஒண்ணையும் மாத்தாதீங்க அண்ணா, கேட்டியளா" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். மாற்றவில்லை. ஷீட்டை அடுப்புக்கு மேலே பழையபடி போட்டேன். ஈர விறகையும் தேங்காய் மட்டையையும் வைத்துப் பற்ற வைத்தேன். அம்மாவுக்கு அன்று காய்ச்சல். சோறு வைக்க நானே நின்றேன்.

அரிசி கொதிக்கும்வரைகூட என்னால் நிற்க முடியவில்லை, பெமிலா. கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டே ஓடிவந்து கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷமாக அந்த அடுக்களை வாசலில் நின்று "சோறு ஆச்சா" என்று கேட்டவன் நான். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அம்மா எழுந்து வந்தாள். "ஒரு நாள் நிக்க முடியல்லியால ஒனக்கு? நான் நாப்பது வருசம் நின்னேன். நான் ஒன்னெப் பெறல்லியா?" என்றாள். நான் தண்ணீர் இறைத்து முகத்தைக் கழுவினேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவளே சொன்னாள். "ஒனக்கு முன்னால ரெண்டெண்ணம் வயித்துல நிக்கல்ல." இந்த வயசுவரை எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. அப்போ புகைதானா அம்மா என்று கேட்டேன். "எனக்கு என்னலே தெரியும்? அன்னைக்கி எனக்க மாமி என்னையத்தான் கொறை சொன்னா." அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் மேலே கோபப்படவா, பரிதாபப்படவா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் அடுப்புக்கு மேலே இருந்த மூங்கில் கம்புகளை வெட்டிப் போட்டுவிட்டேன். ஷீட்டுக்குத் தோட்டத்து மூலையில் தனியாக ஒரு புகைப்புரை கட்டுகிறேன். நமக்கும் கேஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; அது வரும்வரை மறுபடி சண்முகவடிவு அக்காவின் அடுப்புதான். அந்தப் பெட்டியில் முதல் நாள் முழுக்கப் புகை, பிறகு ஒன்றும் இல்லை. "கணக்கைக் கெடுத்துட்டீங்களே அண்ணா" என்று அஜிஷா என்னைத் திட்டித் தீர்த்தாள். முதலில் உனக்காகச் சுத்தம் செய்தேன், தப்பு என்றாய். இப்போது உனக்காக உடைத்தேன், அதுவும் தப்பு என்கிறார்கள். எது சரி என்று எனக்கு விளங்கவில்லை. நீ கேட்ட பதில் இனி அந்த அடுக்களையிலிருந்து கிடைக்காது, அது மட்டும் விளங்குகிறது. அதற்காக உன்னை மறுபடி அந்தப் புகையில் நிறுத்த என்னால் ஆகாது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். இதுவரை உன்னை மட்டும்தானே குத்தினார்கள். என்னையும் பார்க்கட்டும். எதுவானாலும், நீ எனக்கு வேண்டும்.

அன்புடன்,
செல்வதாஸ்


மார்த்தாண்டம்
27.10.2009

அன்புள்ள அத்தானுக்கு,

மாமி சொன்னதை வாசித்து அழுதேன். அவர்களுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியவில்லை. கோபம் எல்லாம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பாதி இருக்கிறது. அதை நேரில் வந்து தருகிறேன்.

காரணம் என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. இனி தெரியுமா என்பதும் தெரியாது. இப்படித் தெரியாமலே எப்படி இருப்பது என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்பதில் ஒரு ஆறுதல்.

நேற்று அஜிஷா, இரண்டாம் தடவை மாட்டிய என் கழுத்துப் பெட்டியைத் திருப்பி வாங்க வந்தாள். படியிறங்கும்போது பழைய கேள்வியையே கேட்டாள். "எந்த வீடுன்னு போடட்டும்கா?" குலசேகரம் என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். நீங்கள் வீட்டில் நின்று சோறு வையுங்கள். நான் வந்து அடுக்களை வாசலில் நின்று கேட்கிறேன், சோறு ஆச்சா என்று.

உங்கள்
பெமிலா